பக்கவாட்டில் ஒரு சனி தரிசனம்

"எந்திரிங்க. மொதல்ல அங்கனருந்து எந்திரிங்க."

மொட்டை மாடிக்கு ஏறும் கடைசிப் படியில் நின்றுகொண்டு என் மனைவி உலகம்மாள் சொன்னாள். கையிலிருந்த நல்லெண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வரக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை.

புரட்டாசி மாதம். சனிக்கிழமை. விளக்கு வைத்துச் சற்று நேரம் ஆகியிருந்தது. பகலெல்லாம் காய்ந்த சிமென்ட் தரையில் நான் முழங்காலிட்டு, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைத் தொலைநோக்கியின் பின்வாயருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவள் தம்பி பேச்சிமுத்து. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, கடையத்தில் விவசாயம் பார்ப்பவன். "மூச்சப் பிடிச்சுக்கோங்க அத்தான், ஒடம்பு ஆடக் கூடாது" என்று எனக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தான்.

கிழக்கே தென்னந்தோப்புக்கு மேல், மங்கிய மஞ்சளில், சனி ஏறியிருந்தது.

"என்னத்தப் பாக்கப் போறீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள் உலகம்மாள். "கோயில்லயே நான் அவருக்கு நேரா நிக்க மாட்டேன். நீங்க குழா வச்சு, பக்கத்துல இழுத்து, கண்ணோட கண்ணு பாக்கப் போறீங்களாக்கும்?"

முழங்காலில் இருந்தபடி விளக்கம் அளிப்பது எந்த மனிதனுக்கும் கௌரவமான நிலை அல்ல. எழுந்தேன். பார்க்கவில்லை.

விரல் சான்று

சென்ற வாரம் இந்தப் பத்தியில் ஓய்வூதியர்களின் வாழ்நாள் சான்றைப் பற்றி எழுதியிருந்தேன். நான் உயிரோடிருக்கிறேன் என்பதை ஆண்டுக்கு ஒருமுறை நானே நேரில் போய் நிரூபிக்க வேண்டிய அந்த விசித்திரத்தைப் பற்றி. அதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அரசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும். உலகம்மாளுக்குத் தினமும் வேண்டும். நான் தூங்கியதும் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். பல நாள் நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன். தூங்குபவனைப்போல் ஒழுங்காக மூச்சு விட்டுச் சான்று அளிப்பேன்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. என் ராசி மகரம். ஏழரைச் சனி தொடங்கிய புதிதில் ஒருநாள் சுரண்டையிலிருந்து பஸ்ஸில் வரும்போது நெஞ்சில் ஓர் இறுக்கம். திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். என்னைப் பிழைக்க வைத்தது டாக்டர் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உலகம்மாளின் கருத்து வேறு.

வீடு திரும்பிய வாரமே சனிக்கிழமை விளக்கு தொடங்கிவிட்டது. கறுப்புத் துணியில் எள்ளை முடிந்து, நல்லெண்ணெயில் நனைத்து, நவக்கிரக சன்னதியில் ஏற்றுவாள். ஏற்றிவிட்டு ஓரமாக ஒதுங்கி, பக்கவாட்டில் நின்று கும்பிடுவாள். பார்வை சுடரில் இருக்கும். சனீஸ்வரன் முகத்துக்கு ஏறாது. அவருடைய கெடுதல் கையிலோ ஆயுதத்திலோ இல்லை, பார்வையில் இருக்கிறது என்பது நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏழு ஆண்டுக்கு மேலாக வாரம் தவறாமல் போய்வந்தவள், தான் யாருக்கு விளக்குப் போடுகிறாளோ அவர் முகத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

நான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, செருப்பு விடும் இடத்தருகே காத்திருப்பேன். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் வண்டி ஓட்ட நம்பிக்கை தேவையில்லை, பெட்ரோல் போதும்.

இப்போது ஒரு பஞ்சாங்கத்தின்படி என் ஏழரை முடிந்துவிட்டது. இன்னொன்றின்படி இன்னும் சில மாதம் பாக்கி. ஒரே பொருளில் இரண்டு அரசாணைகள் இருந்தால் எது கடுமையோ அதைப் பின்பற்றுவதே பாதுகாப்பு என்பதை நான் முப்பத்துச் சொச்சம் ஆண்டு வருவாய்த் துறையில் இருந்து கற்றேன். உலகம்மாள் எந்தத் துறையிலும் இல்லாமலே கற்றிருந்தாள்.

அன்று மாடியில் நான் அறிவியலைத் துணைக்கு அழைத்தேன். "சனி எவ்வளவு தூரத்தில இருக்கு தெரியுமா? அங்கிருந்து வெளிச்சம் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். நாம பாக்குறது இப்ப உள்ள சனியே இல்ல. ஒரு மணி நேரத்துக்கு முந்தின சனி."

"ஒரு மணி நேரத்துக்கு முந்தி பாத்தா மட்டும் விட்டுருவாரா?" என்றாள்.

பேச்சிமுத்து சிரித்தான். நான் வாதத்தை முடித்துக்கொண்டேன். ஆனால் எண்ணத்தை முடிக்கவில்லை. இத்தனை ஆண்டு எந்த ஆளுக்குப் பயந்து இவள் என் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறாளோ, அந்த ஆள் எவ்வளவு அழகாக, எவ்வளவு தொலைவில், யார் வம்புக்கும் போகாமல் சுற்றிக்கொண்டிருக்கிறார் என்பதை அவள் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவள் பார்க்காமல் நானும் பார்ப்பதில்லை. அதை அவளிடமும் சொன்னேன்.

"அப்ப ரெண்டு பேருமே பாக்கப் போறதில்ல" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தோடு இறங்கிப் போனாள்.

இருப்பில் உள்ளது, பயன்பாட்டில் இல்லை

எனக்கு இந்த ஆசை ஓய்வுக்குப் பிறகு வந்த பொழுதுபோக்கு அல்ல. பாளையங்கோட்டையில் இயற்பியல் படித்தபோது எங்கள் துறையில் ஒரு தொலைநோக்கி இருந்தது. பித்தளைக் குழாய். கண்ணாடி பீரோவுக்குள், பச்சைத் துணி விரித்து, படுத்த நிலையில் இருக்கும். வெளியே எடுத்தால் உடைந்துவிடும், உடைந்தால் பொறுப்பு யார் என்ற கேள்வி வரும் என்பதால் அது வெளியே எடுக்கப்படவே இல்லை. ஆண்டுதோறும் தணிக்கைக்கு வருகிறவர்கள் அது இருக்கிறதா என்று பார்த்து, இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போவார்கள். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அதன் வழியாக ஒருவரும் பார்க்கவில்லை.

நான் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோதும் அது படுத்தே இருந்தது. பிறகு அரசுப் பணியில் சேர்ந்து, இப்படிப் படுத்த நிலையில் இருக்கும் பல பொருள்களையும் சில மனிதர்களையும் சந்தித்தேன். வீரகேரளம்புதூரில் இருந்தபோது ஒரு சுவர்க்கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்ற நான் எழுதிய குறிப்புகளைச் சேர்த்தால் ஒரு தொடர்கதை ஆகும். அது தனிக்கதை.

குட்டைக் குழாய்

ஆகவே தொலைநோக்கி வாங்குவது என்று தீர்மானித்ததும் முறைப்படி இறங்கினேன்.

முதலில் ஒதுக்க வேண்டியது பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணை. ஐந்நூறு மடங்கு, அறுநூறு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று போட்டிருப்பார்கள். அது தேர்தல் வாக்குறுதி. எந்தக் குழாயும் எத்தனை மடங்கு வேண்டுமானாலும் பெரிதாக்கும். மங்கலையும் அதே அளவுக்குப் பெரிதாக்கும். பார்க்க வேண்டியது முன்வாயின் அகலம். அதுதான் ஒளியைச் சேகரிப்பது. அகலம் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப்போல் இரண்டு மடங்குதான் நல்ல வானத்தில் தாங்கும் பெருக்கம். அதற்கு மேல் போனால் கஞ்சியில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

அப்படியானால் பெரிய வாயாக வாங்கிவிடலாமே என்று பேச்சிமுத்து கேட்டான். வாங்கலாம். அது குளியலறை கீசர் அளவில் இருக்கும். எங்கள் மாடிப்படி குறுகலானது, நடுவில் ஒரு திருப்பம். என் முழங்கால்களுக்கு வயது தெரியும். எடுத்துக்கொண்டு ஏற முடியாத தொலைநோக்கி, கல்லூரி பீரோவிலிருந்த தொலைநோக்கிதான். இந்த ஒரு விதியை நான் வாசகர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்: ஒரு கையால் தூக்க முடியாததை வாங்காதீர்கள்.

சிறிய லென்ஸ் குழாய்களும் உண்டு. நட்சத்திரக் கூட்டங்களை அகலமாகப் பார்க்க நல்லவை. ஆனால் மலிவானவற்றில் நிலாவின் விளிம்பில் கத்தரிப்பூ நிறம் ஒட்டிக்கொள்ளும். குழாய் நன்றாக இருந்து ஸ்டாண்டு நோஞ்சானாக இருப்பது இன்னொரு வகை. தும்மினால் வியாழன் நடனமாடும்.

கடைசியில் நான் தேர்ந்தது தொண்ணூறு மில்லிமீட்டர் வாயுள்ள ஒரு குட்டைக் குழாய். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடச் சற்றுத் தடிமன், அவ்வளவுதான். முன்னால் கிண்ணம்போல் வளைந்த கண்ணாடி. பின்னால் குழி ஆடி. ஒளி உள்ளே போய், திரும்பி முன்னால் வந்து, மறுபடி திரும்பிப் பின்னால் போய்க் கண்ணை அடைகிறது. நீளமான குழாயின் வேலையைக் குட்டைக் குழாய் செய்துவிடுகிறது. கோப்பு மூன்று மேசை சுற்றி வருவதைப் போலத்தான். வித்தியாசம், இங்கே சுற்றுவதால் பயன் உண்டு. அகலமான காட்சி கிடைக்காது. நிலாவும் கிரகங்களும் துல்லியமாகக் கிடைக்கும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு கிரகம்.

பெட்டியில் இன்னொரு பொருளும் இருந்தது. குழாயின் பின்னால் செருகும் முழங்கைத் துண்டு. பிளம்பர்கள் எல்போ என்பார்களே, அதே வடிவம். உள்ளே ஒரு சாய்ந்த கண்ணாடி. குழாய் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நாம் பக்கத்தில் நின்று எல்போவுக்குள் பார்க்கலாம்.

பேச்சிமுத்து அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது என்னத்துக்கு அத்தான்? குறி பாக்கணும்னா நேரா பாக்கணும். மூலையில திரும்பி எட்டிப் பாக்கதுக்கு நாம என்ன களவாணியா?"

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்திலோ போலீசிலோ இருப்பார்கள். குழாய் என்று எதைக் கொடுத்தாலும் அவர்களுக்கு அது துப்பாக்கிதான். நானும் கையேட்டில் எல்போவைப் பற்றிய பத்தியைப் படித்துவிட்டு, கழுத்து வலிக்காமல் இருப்பதற்காம், வசதிக்காகத்தானாம் என்று ஒதுக்கினேன். அது இல்லாமலும் இந்தக் குழாயில் காட்சி தெளிவாகக் கிடைத்தது. எல்போ முறுக்கு டப்பாவுக்குள் போனது.

சாரலுக்கு எதிர்க்கட்சி

இவ்வளவு முறையாகச் செய்தவன் ஒன்றைக் கவனிக்கவில்லை. தொலைநோக்கி வந்து சேர்ந்தது ஆனி மாதம்.

தென்காசியில் ஆனி என்றால் என்ன என்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வரும். காற்றோடு மேகம். மேகத்தோடு பொடிப்பொடியாகச் சாரல். குற்றாலத்தில் அருவி விழும். ஊரில் ஒவ்வொரு வீட்டு ஜன்னல் கம்பியிலும் வெளியூர் உறவினர்களின் ஈரத்துண்டு தொங்கும். பஜாரில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவியும். செருப்பில் பூஞ்சை பிடிக்கும். ஊரே வானத்தைப் பார்த்துக் கும்பிடும். நான் ஒருவன்தான் முறைத்தேன்.

"என்ன அண்ணாச்சி, சாரல் நல்லாருக்குல்லா?" என்பார் எதிர்வீட்டுக்காரர், குடைக்குள்ளிருந்து.

"பிரமாதம்" என்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

சென்னையிலிருந்து ஒரு உறவினர் போனில் கேட்டார்: "சீசன் எப்படி?"

"மோசம்."

"தண்ணி இல்லையா?"

"தண்ணிக்கு என்ன, கொட்டுது. அதான் மோசம்."

ஆவணி வரை தொலைநோக்கி, ஈரத்தை உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களோடு அலமாரியில் படுத்திருந்தது. கல்லூரி பீரோ அடிக்கடி நினைவுக்கு வந்தது. புரட்டாசியில் வானம் திறந்தது. அன்றைக்குத்தான் உலகம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு படியேறி வந்தாள்.

கழுத்தின் தீர்ப்பு

சனியைத் தவிர்த்து மற்றதைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். நல்ல வானம் கிடைத்த சில நாட்களில் நிலாவைப் பார்த்தேன். நிலா உச்சிக்கு வந்தால் குழாய் செங்குத்தாக நிற்கும். அதன் அடியில் தலையைக் கொடுத்து, கழுத்தைப் பின்னால் ஒடித்து, காருக்கு அடியில் படுத்த மெக்கானிக் மாதிரி பார்க்க வேண்டும். பேச்சிமுத்துவின் பயிற்சிப்படி மூச்சையும் பிடித்தேன். மூன்றாம் நாள் கழுத்தும் பிடித்தது.

ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் நான் கழுத்துப் பட்டையோடுதான் இருந்தேன். உலகம்மாள் சூடாகத் தைலம் தேய்த்துவிடுவாள். "பாக்காத போதே இப்படி. பாத்துருந்தா என்ன செஞ்சிருப்பாரோ" என்று தேய்க்கும் கைக்கு ஏற்பச் சொல்லிக்கொண்டே இருப்பாள். நிலாவால் வந்த பிடிப்பும் சனியின் கணக்கிலேயே ஏறியது.

அந்த ஓய்வில்தான் சனியைப் பற்றி மிச்சமிருந்ததையும் படித்தேன். பெட்டியின் மேலிருந்த படத்தில் சனிக்கு அகலமான, தாம்பாளம் போன்ற வளையம். ஆனால் வளையம் எப்போதும் அப்படித் தெரியாதாம். சனி தன் பாதையில் போகப் போக, நம் பார்வைக்கு அது சாய்ந்துகொண்டே வந்து, சில காலம் விளிம்பு மட்டும் நம் பக்கம் திரும்பி நிற்குமாம். தாம்பாளத்தைக் கண்ணுக்கு நேரே கிடைமட்டமாகப் பிடித்தால் கோடு மட்டும் தெரியுமே, அப்படி. நான் தொலைநோக்கி வாங்கிய ஆண்டு அந்தக் காலம்.

உலகம்மாளிடம் சொன்னேன். "இந்த வருஷம் வளையம் மெலிசாத்தான் தெரியுமாம்."

"தடிச்சுத் தெரிஞ்சா என்ன, மெலிஞ்சு தெரிஞ்சா என்ன. நான் பாக்கப் போறதில்ல."

அடுத்த ஆண்டு வரை காத்திருக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கூடாது என்று முடிவு செய்தேன். ஒத்திவைத்த கோப்பு திரும்பி வந்ததை நான் கண்டதில்லை. கோடாக இருந்தாலும் சரி, இந்த ஆண்டே அவள் பார்க்க வேண்டும். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

மார்கழி அரைநிலா

மார்கழியில் மழை விட்டது. வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. செங்கோட்டை சாலையில் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் பாட்டோடு போய்க்கொண்டிருந்தன. பேச்சிமுத்து கடையத்திலிருந்து ஒரு சாக்கு தேங்காயோடு வந்திருந்தான். கழுத்துப் பட்டையைக் கழற்றிச் சில நாள்தான் ஆகியிருந்ததால், டாக்டர் சொன்னபடி நிமிர்ந்த கழுத்தோடுதான் எதையும் பார்க்க வேண்டும். முறுக்கு டப்பாவைத் திறந்தேன். எல்போவைத் துடைத்துச் செருகினேன்.

பேச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டான்.

குழாயைச் சற்று நேரம் வெளிக்காற்றில் ஆற விட்டேன். வீட்டுச் சூட்டோடு கொண்டுவந்து உடனே பார்த்தால் காட்சி கொதிக்கும். பிறகு அரைநிலாவைப் பிடித்தேன். காயப்போட்ட துணியை எடுக்க வந்த உலகம்மாளை, "நிலாவுக்கு உனக்கு ஆட்சேபணை இல்லையே?" என்று கூப்பிட்டேன்.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள்.

"ஏ அம்மா! குழி குழியால்லா கெடக்கு. அம்மை போட்ட மொகம் மாதிரி." கண்ணை எடுத்தாள். மேலே பார்த்தாள். நிலா ஏறக்குறைய தலைக்கு மேல் நின்றது. மறுபடி எல்போவுக்குள் பார்த்தாள். "ஏங்க, நிலா உச்சியில நிக்கு. நான் தண்ணித் தொட்டியப் பாத்துட்டு நிக்கேன். எப்படித் தெரியுது?"

"உள்ள ஒரு சாஞ்ச கண்ணாடி இருக்கு. அதுல பட்டுத் திரும்பி வருது."

"அப்ப நான் பாக்கது நிலாவ இல்ல. கண்ணாடியில விழுந்த நிலாவ."

"ஆமா."

"கிரகணத்தன்னைக்குத் தட்டுல மஞ்சத்தண்ணி ஊத்திச் சூரியனப் பாப்போமே, அது மாதிரி."

"அது மாதிரியேதான்."

அவள் கண்ணை எல்போவிலிருந்து எடுக்கவில்லை. பிறகு, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"நிலாவுக்குப் பக்கத்துல மஞ்சளா, மங்கலா ஒண்ணு நிக்கே. அது அவருதான?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"புரட்டாசியில தோப்புக்கு மேல நின்னாரு. கார்த்திகையில ஒருநாள் மழை விட்டப்ப இங்கன வந்தேன், அப்ப நல்லா மேல ஏறிட்டாரு. ஒருத்தர் மேல பயம் இருந்துச்சுன்னா அவரு எங்கன நிக்காருன்னு தெரிஞ்சு வச்சுக்கிட வேண்டாமா?"

"அக்கா, நீ பட்டாளத்துல சேந்துருக்கணும்" என்றான் பேச்சிமுத்து.

"ஏலே, சும்மா கெட." என் பக்கம் திரும்பினாள். நாற்பது ஆண்டுக்கு மேல் பழகிய முகம். அதில் ஒரு முடிவு எடுக்கப்படுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "இதுல நான் அவருக்கு நேரா நிக்கலையே. ஓரமாத்தான நிக்கேன், கோயில்ல மாதிரி. அவரையும் பாக்கல. கண்ணாடியத்தான பாக்கேன்."

என் பணிக்காலத்தில் எத்தனையோ விதிகளுக்கு எத்தனையோ பேர் விலக்குக் கேட்டு வந்திருக்கிறார்கள். விதியை மீறாமல், வளைக்காமல், முன்னுதாரணத்தோடு, விதிக்குள்ளேயே வழி கண்டவரை அன்றுதான் பார்த்தேன்.

"திருப்புங்க அவரு பக்கம்" என்றாள்.

முதல் பார்வை

அவள் பார்க்காமல் நான் பார்ப்பதில்லை என்று சொல்லியிருந்தேன் அல்லவா? ஆகவே எல்போவுக்குள் பார்க்காமலே குறிவைக்க வேண்டும். குழாயின் முதுகில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு உண்டு. அதில் சிவப்புப் புள்ளி ஒன்று மிதக்கும். அந்தப் புள்ளியைச் சனியின் மேல் உட்கார வைத்தேன். அகலமாகக் காட்டும் கண்வில்லையை எல்போவின் வாயில் போட்டுக்கொடுத்து நகர்ந்துகொண்டேன்.

உலகம்மாள் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். உதடு ஏதோ முணுமுணுத்தது. குனிந்தாள்.

"எள்ளு மாதிரி ஒண்ணு தெரியுது."

"அதேதான். அப்படியே நில்லு." நுணுக்கமாகக் காட்டும் கண்வில்லையைத் தடவி மாற்றினேன். "பின்னால ஒரு திருகு இருக்கு. மெதுவாத் திருகு. தெளிவா வர்ற இடத்தில நிறுத்து."

விளக்குத் திரியை ஒரு நூல் தூண்டி, ஒரு நூல் இறக்கிப் பழகிய விரல்கள். எனக்கு எப்போதும் இரண்டு மூன்று முறை தாண்டிப் போய்த் திரும்ப வேண்டியிருக்கும். அவள் ஒரே தடவையில் நிறுத்தினாள்.

சாலையில் ஒரு வேன் பாடிக்கொண்டு போய் முடிந்தது. அடுத்தது வந்தும் அவள் குனிந்தபடியே இருந்தாள். பேச்சிமுத்துவால் பொறுக்க முடியவில்லை.

"காக்கா தெரியுதாக்கா?"

"வாயக் கழுவுலே." பிறகு தாழ்ந்த குரலில், "ஏங்க, பாசிமணியில ஊசி கோத்துப் பாதியில விட்ட மாதிரி இருக்கு. ரெண்டு பக்கமும் ஊசி நீட்டிக்கிட்டு நிக்கு" என்றாள்.

"அந்த ஊசிதான் வளையம். விளிம்பு மட்டும் தெரியுது."

"பொட்டியில படத்துல தாம்பாளம் கணக்கா இருந்துச்சே." உச்சுக் கொட்டினாள். "பாவம். இப்படி எளைச்சுப் போயிட்டாரே."

சனீஸ்வரனைப் பார்த்து ஒருவர் பாவம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பக்கத்துல ஒரு புள்ளி நிக்கு. அது யாரு?"

"அவரோட நிலா. பெரிய நிலா அது ஒண்ணுதான் நம்ம குழாயில தெரியும்."

"சரி, தொணைக்கு ஆள் இருக்கு." திடீரென்று கையை ஆட்டினாள். "ஏங்க, போறாரு. நகந்து போறாரு, புடிங்க!"

"அவர் எங்கயும் போகல. பூமி சுத்துதுல்லா, நாமதான் நகருதோம்."

"நெசமாவா? அப்ப இத்தன நாளும் வெலகணும் வெலகணும்னு அவரப் போயிக் கும்பிட்டேனே" என்று சொல்லிவிட்டு, சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு கண்ணை நெடுநேரம் இறுக்கி மூடியிருந்ததால் நீர் வந்திருக்கலாம். பிறகு என் தோளைப் பிடித்து, தான் நின்ற இடத்திலேயே, ஓரமாக, தொட்டியைப் பார்த்து நிறுத்தினாள். "இப்ப நீங்க பாருங்க. நேரா போயி நிக்காதீங்க."

பார்த்தேன். கல்லூரி பீரோவின் கண்ணாடிக்கு வெளியே நின்ற நாளிலிருந்து நான் பார்க்க நினைத்தது. கறுப்பில் வெண்ணெய் நிறத்தில் ஒரு மணி. அதை ஊடுருவி முடி கனத்தில் ஒரு கோடு. அசையாமல், சத்தமில்லாமல், கூர்மையாக நின்றது. ஏமாற்றமாக இருக்கும் என்று பயந்திருந்தேன். இல்லை.

"இது எப்ப விரியும்?" என்று காதருகே கேட்டாள். "படத்துல உள்ள மாதிரி, முழுசா."

ஐப்பசியிலேயே அதைப் படித்துவிட்டிருந்தேன். சொல்லலாமா என்றுதான் தயக்கம். மூடிய வளையம் முழுதாக விரிவதற்குள் சனி தன் சுற்றில் கால் பங்கைக் கடந்துவிடும். பன்னிரண்டு ராசியில் மூன்று ராசி என்பதும் கால் பங்குதான். எந்தப் பக்கமிருந்து வகுத்தாலும் விடை ஒன்றுதான்.

"ஏறக்குறைய ஏழரை வருஷம்" என்றேன்.

பேச்சிமுத்துவுக்குப் புரையேறியது. எனக்கு எழுபது நெருங்குகிறது. நெஞ்சுக்குள் ஸ்டென்ட் இருக்கிறது. அந்தக் கணக்கை மாடியில் இருந்த மூவரும் அவரவர் மனதில் போட்டுப் பார்த்திருப்போம்.

உலகம்மாள் தோளிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக உதறி மடித்தாள்.

"ஏழரைதான?" என்றாள். "ஒரு ஏழரைய விளக்கப் போட்டே ஓட்டியாச்சு. இன்னொண்ணையும் பாத்துருவோம். அவரு தாம்பாளம் மாதிரி விரிஞ்சு நிக்கையில நான் பாக்கணும். நீங்கதான் புள்ளி வச்சுத் திருப்பித் தரணும். இவன் கையில குடுத்தா துப்பாக்கி மாதிரி புடிப்பான்." இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள். "பனி விழுது, அந்தக் கண்ணாடிய மூடுங்க. அது கெட்டுப் போகக் கூடாது. நீங்களும்தான்."

என் பணிக்காலம் முழுவதிலும் பணி நீட்டிப்பு கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், கிடைத்தவரைப் பார்த்ததில்லை. எனக்குக் கேட்காமலே வந்தது, ஏழரை ஆண்டுக்கு. மூக்கருகே தினசரி ஆய்வு வழக்கம்போல் தொடரும். உத்தரவு வாய்மொழிதான், ஆனால் மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

மூடியை எடுத்துக் குழாய்க்கு மாட்டினேன்.